வலசைக்குப் போன திருத்தம்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஜெசிந்தா சாளை மீன் அலசிக்கொண்டிருந்தபோது, வலசையிலிருந்து ஒரு திருத்தம் வந்து சேர்ந்தது. முன்னறையில் மேஜைமேல் இருந்த கணினி இரண்டு முறை கூவிற்று. அந்தக் கூவலை அவள் வேறு எதற்கும் வைக்கவில்லை. சட்டியை அப்படியே போட்டுவிட்டு, சேலை முந்தியில் கையைத் துடைத்தபடி ஓடினாள். அறுபத்தொரு வயதில் அதை ஓட்டம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பதினொரு மாதமாக அங்கிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

வலசை ஒரு கப்பல். கடலில் போவது அல்ல. முப்பத்துநான்கு வருடத்துக்கு முன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, வேறொரு சூரியனைத் தேடிக் கிளம்பியது. ஏறியவர்கள் யாரும் போய்ச் சேர மாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியும். பேரன் பேத்திகளின் பிள்ளைகள் இறங்கலாம். இப்போது அது இருந்த தூரத்துக்கு, அங்கே ஒருவர் எழுதியது தூத்துக்குடிக்கு வந்து சேரப் பதினான்கு மாதம் ஆனது. பதில் போய்ச் சேர அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அந்தக் கப்பலில் வடிவு இருந்தாள்.

ஜெசிந்தாவும் வடிவும் பாளையங்கோட்டையில் ஒரே விடுதியில், ஒரே அறையில் இருந்து படித்தவர்கள். இரண்டாம் வருடத்தில் பாடக் குறிப்புகளைத் திறக்கும்போதெல்லாம் தமிழ் எழுத்து உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், தாங்களே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார்கள். புத்தகமோ கையேடோ படமோ, எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் திறந்து பக்கம் பக்கமாகக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. பக்கத்தைப் புரட்டுவதால் ‘புரட்டி’ என்று பெயர் வைத்தார்கள். “ரெண்டு புரட்டுக்காரிகளும் வாராளுவ” என்று விடுதியே கேலி செய்தது. நிரலை யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் விட்டார்கள். பூட்டு இல்லை, சொந்தக்காரர் இல்லை. அதனாலேயே சில வருடம் கழித்து வலசையைக் கட்டியவர்கள் புரட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். நூறு வருடம் ஓடவேண்டிய கப்பலில், நாளைக்கே கடையை மூடிவிடக்கூடிய ஒருவருடைய மென்பொருளை யார் ஏற்றுவார்கள்?

மென்பொருளோடு அதைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும் என்றார்கள். வடிவு கை தூக்கினாள்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட்டுக்குப் போகும் பேருந்து கிளம்புவதற்குமுன் வடிவு சொன்னது ஜெசிந்தாவுக்கு அப்படியே நினைவிருந்தது. “ஏட்டி, அழாத. நான் அங்க எழுதுவேன். நீ இங்க பாத்துக் கையெழுத்துப் போடு. நாம ரெண்டு பேரும் எப்பவும் செய்த வேலதான?”

முதல் பத்தொன்பது வருடம் கடிதமும் வந்தது. பிறகு, கப்பலோடு பேசும் பெரிய அலைவாங்கியை ஆராய்ச்சிக்காரர்களோடு பங்கு போடவேண்டி வந்தபோது, சொந்தக் கடிதங்களை நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் விவரம், உடல்நலப் புள்ளிவிவரம், மென்பொருள் திருத்தம், இவை மட்டும் போகலாம். திருத்தத்தோடு இருநூறு எழுத்துக்குள் ஒரு குறிப்பு எழுதலாம்; அதிலும் வேலை சம்பந்தமில்லாத சொல் வந்தால் வடிகட்டி அறுத்துவிடும்.

ஆகவே ஜெசிந்தா திருத்தங்களைக் கடிதம்போல் படிக்கப் பழகினாள். பக்கம் புரட்டும் பொத்தானைத் திரையின் அடிப்பகுதிக்கு இறக்கினாள் வடிவு. அங்கே சின்னக் கைகள் வந்துவிட்டன என்று தெரிந்துகொண்டாள். வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும் வசதி வந்தது. ஏதோ ஒரு வருடம் மின்சாரத்துக்கு முடை. இயல்பான எழுத்தளவை ஒரு படி பெரிதாக்கிய திருத்தம் வந்த அன்று, ஜெசிந்தா கண்ணாடி முன்னால் நின்று தன் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துச் சிரித்தாள். “உனக்கும் வந்திட்டா?” என்று கேட்டாள்.

இன்று வந்த திருத்தத்தின் குறிப்பு சிரிக்கும்படி இல்லை.

‘மறைப்பு வசதி. நூலகத்தில் பூமிப் படங்கள் உள்ள பக்கங்கள் தேவைப்பட்டவருக்குத் தெரியாமல் இருக்க. காரணம்: ஊர் ஏக்கம். சாப்பாடு இறங்கவில்லை. மூவரை இழந்தோம். அவசரம்.’

மத்தியானம் மூன்று மணிக்கு முபாரக் வந்துவிட்டான். காயல்பட்டினத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், முப்பத்தாறு வயது. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் புரட்டியில் கை வைக்க ஆரம்பித்து, ஆறு வருடத்தில் ஜெசிந்தாவுக்கு அடுத்த பொறுப்பாளன் ஆகியிருந்தான். எந்தத் திருத்தமும் இரண்டு பேர் பார்த்துத்தான் போகவேண்டும் என்பதால் அவனை வரச்சொல்லியிருந்தாள்.

அவன் நின்றபடியே குறிப்பைப் படித்தான். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தான்.

“பிள்ளைங்களாக்கா?”

“வேற யாரு? பாவம், பொறந்ததிலேருந்து இரும்புச் செவரத் தவிர ஒண்ணும் பாக்காத பிள்ளைங்க. புத்தகத்தத் தொறந்தா மலையும் மழையும் கடலுமா இருக்கு. நமக்கு இது கெடைக்கவே கெடைக்காதுன்னு தெரிஞ்சா எந்தப் பிள்ளைக்குச் சோறு எறங்கும்?”

“அதுக்கு நூலகத்துலேருந்து அந்தப் படத்தையே அழிச்சிடலாமே. புரட்டியில ஏன் கை வைக்கணும்?”

“நூலகத்தக் கெளம்பும்போதே முத்திர வச்சிட்டாவ, முபாரக். ஆபரேஷன் புத்தகம், எஞ்சின் கையேடு எல்லாம் அதுலதான் இருக்கு. யாராவது பயத்துல, கோவத்துல ஒரு பக்கத்த மாத்திட்டா பொறவு எத நம்புறது? அதனால மாத்தக்கூடியது காட்டுற கருவி ஒண்ணுதான். அதையும் அங்க ஒருத்தர் எழுதி, இங்க நாம கையெழுத்துப் போட்டாத்தான் ஏறும்.”

“போய்ச் சேந்தப்புறம் அவங்க வேண்டாம்னு சொன்னா?”

“சொல்ல முடியாது. கையெழுத்தோட போனா தானா ஏறிடும். அவசரத்துல அவங்களே எதையும் செஞ்சிரக் கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு.”

முபாரக் நிரலின் மேல்பகுதிக்குப் போனான். அங்கே வடிவு இருபத்துமூன்று வயதில் எழுதிவைத்த வரி இருந்தது. ‘கோப்பில் இருப்பதைக் காட்டு. கூட்டாதே, குறைக்காதே, ஒளிக்காதே.’

“இதச் சொன்னவங்களே இப்ப ஒளிக்கச் சொல்றாங்க” என்றான். “எனக்கு மனசு ஒப்பலக்கா. இன்னைக்கு மழைய மறைப்போம். நாளைக்குக் கப்பல்ல தலைமையில இருக்கவங்களுக்குப் பிடிக்காத பக்கத்த மறைக்கச் சொல்வாங்க. வழி தொறந்துவிட்டாத் தொறந்ததுதான்.”

“நீ சொல்றது எனக்குத் தெரியாதா? ஆனா வடிவு சும்மா எழுத மாட்டா. அந்த வரிய எழுதினவ கையாலயே இத எழுதணும்னா, அங்க என்ன நடந்திருக்கும்னு நெனச்சிப் பாரு. மூணு உயிர் போயிருக்கு. அதுவும் பதினாலு மாசத்துக்கு முந்தின கணக்கு. இப்ப எத்தனையோ.”

அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். “சரி, பாப்போம்” என்றான்.

நூற்றெழுபது வரி. சுத்தமாக, சிக்கனமாக எழுதியிருந்தாள். திரைக்கு முன்னால் இருப்பது யார் என்று கப்பலுக்குத் தெரியும். அவர் பிறந்த ஆண்டை எடுத்து, கப்பல் புறப்பட்ட ஆண்டோடு ஒப்பிட்டு, மறைப்பதா காட்டுவதா என்று முடிவு செய்யும் ஒரு வரி. மற்றதெல்லாம் அந்த வரிக்கு வேலை செய்பவை. முபாரக் அந்த வரியில் நின்றான்.

“அக்கா, குறி திரும்பிக் கெடக்கு.”

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். எது பெரியது, எது சிறியது என்று காட்டும் வாய் பிளந்த குறி. வடிவு எழுதியிருந்தபடி பார்த்தால், புறப்படுவதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பக்கம் மறையும். கப்பலில் பிறந்தவர்களுக்குத் தெரியும். அதாவது பெரியவர்களுக்கு மறைப்பு, பிள்ளைகளுக்குத் திறப்பு.

அவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் முறை.

“எம்மா, இன்னும் மாறலியா இவ?”

“என்னக்கா?”

“விடுதியில இவளுக்கு ‘வாய் கோணி’ன்னே பேரு. இந்தக் குறிய ஒரு நாள்கூட ஒழுங்காப் போட்டதில்ல. புரட்டிய முதல்முதலா வகுப்புல காட்டப்போறோம், பிரின்சிபால் வந்து உக்காந்திருக்காவ, பொத்தான அமுக்குறா, புத்தகம் கடைசிப் பக்கத்துலேருந்து பின்னாலயே ஓடுது. நிக்க மாட்டேங்குது. பொருளடக்கத்துல போய் முட்டித்தான் நின்னுது. ராத்திரி முழுக்க அவ எழுதுவா, காலையில எந்திரிச்சு நான் குறியெல்லாம் திருப்பி வைப்பேன். நாலு வருசம் இதுதான் என் வேல.”

அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. முபாரக் அதைப் பார்க்காததுபோல் திரையைப் பார்த்தான்.

“வேணும்னே போட்டிருந்தா?” என்றான்.

“எதுக்குப் போடுவா? கெழடுகட்டைகளுக்கு எதுக்கு மறைக்கணும்? பாத்துட்டுப் போனவங்கதான நாங்க எல்லாரும்?” நாங்க என்று தான் சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

“ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“கேட்டுப் பதில் வர ரெண்டர வருசம். அதுவரைக்கும் பிள்ளைங்க?”

ஜெசிந்தா குறியைத் திருப்பினாள். ஒரே ஓர் எழுத்து. சோதனைகளை ஓட்டினார்கள், எல்லாம் பச்சை, பிழை ஒன்றும் இல்லை. முதலில் அவள் கையெழுத்து, பிறகு அவன். குறிப்பில் ‘ஒரு குறி திருத்தப்பட்டது. வழக்கம்போல்’ என்று எழுதினாள். ‘வழக்கம்போல்’ என்பதை வடிகட்டி அறுக்காது என்று அவளுக்குத் தெரியும். அதை வடிவு புரிந்துகொள்வாள் என்றும் தெரியும். அன்றைக்கு நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு இருபது வயதுபோல இருந்தது.

பிறகு காத்திருந்தார்கள்.

திருத்தம் கறுப்பு வெளியில் போய்க்கொண்டே இருந்தது. தூத்துக்குடியில் மூன்று மழைக்காலம் வந்துபோயிற்று. ஜெசிந்தாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். முபாரக்கின் மூத்த பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். கடற்கரைப் பூங்காவில் பிள்ளைகள் மணலில் விழுந்து புரள்வதைப் பார்க்கும்போதெல்லாம் ஜெசிந்தா மனசுக்குள் மாதம் எண்ணுவாள். இப்போது பாதி வழி. இப்போது போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது அங்கே ஒரு பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். நடுவில் வலசையிலிருந்து வந்தவை எல்லாம் தன் திருத்தம் போய்ச் சேரும்முன் அங்கிருந்து கிளம்பிய சில்லறைத் திருத்தங்கள். அவற்றில் வடிவழகி என்று வடிவின் முழுப்பெயர் இருந்தது. அது போதும் என்று இருந்தாள்.

முப்பத்தேழாம் மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகல், கணினி கூவிற்று.

அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் ‘நிறைமதி’ என்று இருந்தது.

ஜெசிந்தா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முபாரக்குக்குத் தொலைபேசியில், “வா” என்று மட்டும் சொன்னாள். அவன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வரும்வரை அவள் எதையும் திறக்கவில்லை.

திருத்தம் என்று அதில் ஒன்றுமே இல்லை. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. புதிதாக ஒரு சோதனைக் கோப்பு மட்டும் சேர்ந்திருந்தது. புரட்டி ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பதற்காக மாதிரிக் கோப்புகள் சிலவற்றை நிரலோடு வைத்திருப்பார்கள். பெரும்பாலும் நெடுங்கணக்கும் பத்துப் பதினைந்து வாக்கியங்களும் இருக்கும். இது அப்படி இல்லை. முபாரக் வாசித்தான், ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

‘இது சோதனைக் கோப்பு. தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா என்று பார்ப்பதற்காக எழுதப்பட்டது. எல்லா எழுத்தும் வரவேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சோதனைக் கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வடிகட்டி பார்ப்பதில்லை. உங்களுக்கும் வடிவு அம்மாவுக்கும் பதினேழு வருடமாக இது தோன்றவில்லை என்பது எங்களுக்கு ஆச்சரியம்.

என் பெயர் நிறைமதி. வயது இருபத்தாறு. வலசையில் பிறந்தேன். இனிப் புரட்டியைப் பார்த்துக்கொள்வது நான்.

அந்தக் குறி சரியாகத்தான் இருந்தது.’

முபாரக் நிறுத்தினான். ஜெசிந்தா கண்ணைத் திறக்காமல், “படி” என்றாள்.

‘ஏங்கியவர்கள் நாங்கள் இல்லை. கடல் எங்களுக்குப் பாடம். தேர்வில் நான்கு மதிப்பெண் கேள்வியாக வரும். மழையைப் பார்த்தால் எங்களுக்குக் குழாய் உடைந்ததுபோல் இருக்கும். நாங்கள் எதையும் விட்டுவிட்டு வரவில்லை. விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். வேலை இருந்தவரை தாங்கினார்கள். வயதாகி, வேலையை எங்களிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்த பிறகு, நாள் முழுக்க அந்தப் பக்கங்களையே திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட அழைத்தால் திரும்பமாட்டார்கள். இழந்தோம் என்று எழுதிய மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். வடிவு அம்மா தினமும் காலையில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறப்பார். உங்கள் ஊர்க் கடற்கரை அது. தன்னால் மூட முடியவில்லை, தன்னிடமிருந்தே ஒளித்து வைக்கவேண்டும் என்றுதான் அந்த நிரலை எழுதினார்.

உங்கள் திருத்தம் வந்து தானாக ஏறியது. எங்களுக்குப் பக்கங்கள் கறுத்தன. அவர்களுக்குத் திறந்தே இருந்தன. வடிவு அம்மா அந்த வரியைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார். “அவ என்னய இன்னும் இருவது வயசுக்காரின்னே நெனச்சிட்டிருக்கா” என்றார். பிறகு அழுதார்.

அடுத்த நான்கு மாதத்தில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். பெயர்களை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். சுடலைமுத்து. ஹிரோகோ.’

“முபாரக்,” என்றாள் ஜெசிந்தா.

“இருக்கேன்க்கா.”

“நீ கேட்ட. வேணும்னே போட்டிருந்தான்னு கேட்ட.”

“நானும்தான கையெழுத்துப் போட்டேன்.”

“நான் அவ எழுதினதப் படிக்கவே இல்ல. அவளத்தான் நெனச்சிட்டிருந்தேன்.” என்றாள். “மேல படி.”

‘சின்னப் பிள்ளைகளுக்குக் கடல் பாடத்தில் தேர்வு வந்தது. பக்கம் கறுப்பாக இருக்கிறது. பெரியவர்கள் திறந்து வைத்திருக்கும்போது எட்டிப் பார்த்தாலும் கறுத்துவிடும். வேறு வழி இல்லாமல் மூன்று பிள்ளைகளை வடிவு அம்மாவிடம் அனுப்பினோம். அவர் பார்க்க, அவர்கள் பார்க்காமல் கேட்டுக்கொள்ளவேண்டும். அரைமணி நேரப் பாடம் என்று போனவர்கள் சாப்பாட்டு மணி அடித்தும் வரவில்லை. மறுநாள் ஒன்பது பேர் போனார்கள். ஒரு மாதத்தில் ஒவ்வொரு பெரியவரைச் சுற்றியும் நான்கைந்து பேர். படத்தில் இல்லாததையெல்லாம் சொன்னார்கள். பேருந்தில் சண்டை போட்டது, மழையில் புத்தகம் நனைந்து அடி வாங்கியது, யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் ஆட்டை யாரோ அவிழ்த்துவிட்டது. முப்பத்தைந்து வருடமாக எங்களிடம் இதில் ஒன்றைக்கூட அவர்கள் சொன்னதில்லை. சொன்னால் நாங்கள் ஏங்கிவிடுவோம் என்று பயந்தார்களாம். சொல்ல ஒன்றுமில்லை போலும் என்று நாங்கள் இருந்தோம்.

அதற்குப் பிறகு யாரும் சாப்பாட்டை நிறுத்தவில்லை. இதற்கு என்ன காரணம் என்று எழுத எங்கள் மருத்துவர் மறுத்துவிட்டார்.

வடிவு அம்மா போன மாதம் இறந்தார். நெஞ்சுவலி, தூக்கத்தில். அன்று மாலைவரை கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிரின்சிபாலும் பின்னாலேயே ஓடிய புத்தகமும் வருகிற கதை. பாதியில் நிற்கிறது. மிச்சம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

குறியைத் திருப்ப வேண்டாம். இப்படியே இருக்கட்டும். ஆனால் உங்கள் திருத்தத்தால் நல்லது நடந்தது என்று நான் எழுதமாட்டேன். எனக்கு நடை பழக்கியவர் சுடலைமுத்து.’

அதன் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, இன்னும் சில வரிகள் இருந்தன. முபாரக் அவற்றை வாசிக்கவில்லை. ஜெசிந்தாவும் கேட்கவில்லை. அவள் எழுந்து அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்து, முகத்தைக் கழுவினாள். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முபாரக் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

திரும்பி வந்தபோது அவள் முகம் ஈரமாகவே இருந்தது.

“வடிவு போயிட்டா,” என்றாள். “பதினாறு மாசமாச்சு. நான் இங்க அவளுக்காகத் திருத்தம் பாத்துட்டிருந்தேன்.”

“அக்கா...”

“தள்ளிக்கோ.”

அவள் கணினி முன்னால் உட்கார்ந்து அந்த வரியைத் திறந்தாள். தன் கையால் திருப்பிய குறி அங்கே இருந்தது. அதன் மேலே விளக்கக் குறிப்பாக, ஒரு சொல் எழுதி நிறுத்தி, இன்னொரு சொல் எழுதி நிறுத்தி, மெதுவாகத் தட்டினாள்.

‘இந்தக் குறி முதலில் வேறு மாதிரி இருந்தது. அதுதான் சரி. எழுதியவள் வடிவழகி. அவளைக் கேட்காமல் திருப்பியவள் ஜெசிந்தா. அதனால் சுடலைமுத்துவும் ஹிரோகோவும் இல்லை. இப்போது இது இப்படியே இருக்கவேண்டும் என்பது அங்கே இருப்பவர்களின் முடிவு. பார்ப்பதற்குப் பிழைபோல் தெரியும். தொடாதீர்கள்.’

“உங்க பேரு மட்டும் போட்டிருக்கீங்க,” என்றான் முபாரக்.

“திருப்பினது நான்.”

“பாத்தது நான்.” அவன் கையை நீட்டி, அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘முபாரக்கும்’ என்று சேர்த்தான். அவள் தடுக்கவில்லை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவன், “இன்னும் கொஞ்சம் இருக்குக்கா” என்று அந்தக் கடைசி வரிகளைக் காட்டினான்.

‘மின்னல் என்கிற ஆறு வயதுப் பிள்ளை ஒன்று கேட்கச் சொல்கிறாள். கடல் எந்நேரமும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும் என்று வடிவு அம்மா சொன்னார். அப்படியானால் தூங்கும்போது அதை எங்கே போய் நிறுத்துவீர்கள்? தான் கடலோரத்தில் வளர்ந்தவள் இல்லை என்றும், ஜெசிந்தாவைத்தான் கேட்கவேண்டும் என்றும் வடிவு அம்மா சொல்லிவிட்டார்.’

ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் கடல். பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். இப்போது காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். ஆட்டோ ஒன்று போயிற்று. யாரோ துணி துவைத்தார்கள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். முபாரக் எழுந்து நிறுத்தினான். ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எல்லாச் சத்தத்துக்கும் அடியில், அது இருந்தது.

அவள் வந்து உட்கார்ந்து ஒரு புதிய சோதனைக் கோப்பைத் திறந்தாள்.

‘மின்னல் கண்ணு, அத நிறுத்த முடியாது. அது பாட்டுக்கு இருக்கும். நாங்கதான் கேக்குறத நிறுத்திருவோம். நான் எப்ப நிறுத்தினேன்னு எனக்கே தெரியல. இன்னைக்கு நீ கேட்டப்புறம் ஜன்னலத் தொறந்து கேட்டேன். இப்பவும் கேக்குது. அது எப்படி இருக்குன்னு சொல்றேன், கேளு. அதுக்கப்புறம் அந்தப் பின்னால ஓடின புத்தகத்தோட கத.’

முபாரக் சத்தமில்லாமல் எழுந்து வாசல் கதவைச் சாத்தினான். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.